அக்காவின் மீன் வண்டியும் ஒரு பழைய சிடி டிரைவும்

அக்காவின் ஆம்னி வேனில், வழக்கமாக ரேடியோ இருக்கும் இடத்தில், கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஒரு சிடி டிரைவ் உட்கார்ந்திருந்தது. டேஷ்போர்டு கறுப்பு. டிரைவின் முகப்போ வெள்ளையாய்ப் பிறந்து, தூசியிலும் வெயிலிலும் பழுத்து, பழைய பல்லின் நிறத்துக்கு வந்திருந்தது. பொத்தானை அழுத்தினால் தட்டு முழுசாக வெளியே நீண்டு, கியர் போடும் கையில் இடிக்கும். மாமா ஒவ்வொரு முறையும் கையை இழுத்துக்கொண்டு, அது வேண்டுமென்றே செய்கிறது என்பது போல முறைப்பார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மீன் வண்டில கம்ப்யூட்டரு எதுக்குபா?" மாமா பதில் சொல்ல மாட்டார், அவர் பேச்சுக்கு ஆசைப்படும் ஆள் இல்லை. அக்காவால் பதில் சொல்ல முடியாது. அதனால் அந்தக் கேள்வி பல ஊர்களில் அப்படியே நின்றுவிட்டது. இப்போது நான் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் பாகூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். சொல்லிக்கொடுக்கும் வேலை இல்லை; பின்னறையில் உட்கார்ந்து, ஓடாத பெட்டிகளை ஓட வைக்கும் வேலை. ஊரில் எல்லோர் கையிலும் கைப்பேசி வந்த பிறகு சென்டருக்கு ஆள் வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. முதலாளி ஒரு நாள் பெயர்ப்பலகையை இறக்கி வைத்துவிட்டு, "இதெல்லாம் நீயே எடுத்துகினு போயிடு, எடத்த அடைச்சிகினு கீது" என்றார். அன்று மாலையே மணப்பட்டில் என் வீட்டு முன்னறை நிறைந்துவிட்டது. பெட்டிகள், ஸ்பீக்கர்கள், கீபோர்டுகள், வயர் மூட்டைகள். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வூடா இது, காயலாங்கடையா?" என்று கேட்டாள். கேட்டதில் தப்பில்லை.

கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். திறந்து பார்த்தால் உள்ளே செத்தவர் ஒருவர்தான் இருப்பார். மற்றவர்கள் எல்லோரும் நல்ல உடம்போடு, வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். விசிறி சுற்றும், ஸ்பீக்கர் பாடும், தகடு கெட்டியாக இருக்கும். அவர்களுக்கு வேறு வேலை தேடித் தர வேண்டியது என் பொறுப்பு என்று நினைத்துக்கொள்வேன். சென்டர் மூடியதில் எனக்கும் வேலை போயிருந்தது. அந்த நினைப்பில் கொஞ்சம் சொந்தக் கதையும் கலந்திருக்கலாம்.

என் அக்கா உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். மாமாவுக்குத் தோள்பட்டை இறங்கிக் கடலுக்குப் போக முடியாமல் ஆனபோது, இருவரும் சேர்ந்து அந்தப் பழைய ஆம்னியை வாங்கினார்கள். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டிகளை ஏற்றினார்கள். காலையில் எங்கள் ஊர்க் கரையில் ஏலம் முடிந்ததும் கிளம்பி, பாகூர், செலியமேடு, அதைச் சுற்றிய நெல் வயல் ஊர்கள் என்று ஒரு சுற்று வருவார்கள். மாமா ஓட்டுவார். அக்கா பக்கத்து இருக்கையிலிருந்து தலையை வெளியே நீட்டிக் கூவுவாள். மைக் கிடையாது, அவளுக்குத் தேவையும் இல்லை. வண்டி ஏரிக்கரை மேல் வரும்போதே கீழே ஊருக்குள் பூனைகள் எழுந்து சோம்பல் முறிக்கும் என்று கேலி பேசுவார்கள். அக்காவுக்கு அதில் பெருமைதான். வீட்டிலும் அவள் அப்படித்தான். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அவள் கூவுவதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பெட்டியில் இல்லாத மீனின் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். மற்ற வண்டிக்காரர்கள் வஞ்சிரம் என்று கூவிப் பெண்களை வெளியே வரவழைத்துவிட்டு, இப்போதுதான் தீர்ந்தது என்று மலிவான காரப்பொடி மீனைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அக்கா அப்படி இல்லை. ஒரு மீன் தீர்ந்துவிட்டால் அடுத்த தெருவில் அந்தப் பெயர் அவள் வாயில் வராது. இது ஊர்களுக்கும் பழகிவிட்டிருந்தது. அவள் குரலைக் கேட்டே இன்று குழம்பா வறுவலா என்று முடிவு செய்து, வெளியே வந்து பார்க்கும் முன்பே மிளகாய் வறுக்க ஆரம்பித்த வீடுகள் உண்டு. அவளுக்கு அதுதான் தொழில். மீனை யார் வேண்டுமானாலும் ஐஸ் போட்டு எடுத்துப் போகலாம். அந்த நம்பிக்கையை எடுத்துப் போக முடியாது.

அவளுக்குக் கழுத்தில் ஒரு கழலை வந்தது. முதலில் சுண்டைக்காய் அளவு இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்ததும் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார் டாக்டர். கழலை குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, முடிந்தவரை பார்ப்போம், ஆனால் குரல் போய்விடவும் வாய்ப்பு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மாமா கேட்டது ஒன்றுதான்: "உசுருக்கு ஒண்ணும் இல்லியே?" அக்கா முந்தானையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். வண்டியில் ஏறி ஊர் எல்லை வந்ததும் ஆரம்பித்தாள். "கூவாம நான் இன்னாடா பண்ணுவேன்? பொம்மையாட்டம் வண்டில குந்திகினு இருக்கவா?" அவள் அழுது நான் அதற்கு முன் பார்த்தது எங்கள் அப்பா கடலில் போன அன்றுதான்.

பதிவு செய்து வைக்கும் யோசனை என்னுடையது. அவள் குரலை கம்ப்யூட்டரில் பதிந்து, சிடியாக்கி, வண்டியில் ஓட விட்டுவிடலாம். இப்போது போல, பேசினால் பதிந்துகொண்டு நாள் முழுவதும் அதையே கத்தும் கையடக்க ஒலிபெருக்கி அப்போது எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடையாது. எனக்கு வீடு நிறையச் சாமான் இருந்தது, கையில் வேலை இல்லை. "நீ வாய மூடிகினு குந்தியிரு, வண்டி கூவும்" என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நான் இன்னா சாவவா போறேன், போட்டோ புடிச்சி மாட்ற மாதிரி குரல புடிச்சி மாட்டறியே" என்றாள். ஆனால் சரி என்றுதான் சொன்னாள்.

அவள் வீட்டுக் கூடத்தில் பெட்டியை வைத்து, மைக்கை முன்னால் நிறுத்தினேன். அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி முயன்றாள். வந்தது ஏதோ ஒப்பிப்பது போல இருந்தது. "எதிர மீனு இல்லாம எப்பிடிடா கூவறது? வாய் வரலடா" என்றாள். மறுநாள் காலை ஏலம் முடிந்து பெட்டி ஏறியதும், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கே போனேன். பக்கத்து வீட்டிலிருந்து மின்சாரம் இழுத்தோம். அன்று வலைகளில் நல்ல பாடு. பெட்டி மூடியைத் திறந்து வைத்ததும் அக்கா முகமே மாறிவிட்டது.

"மீனு வந்துருக்குதும்மோய்... மணப்பட்டு மீனு... வஞ்சிரம், சங்கரா, நண்டு... உசுரு நண்டும்மோய்..."

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று முறை கூவச் சொல்லிப் பதிந்தேன். மாமா பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் சத்தத்தின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு நாய் குரைத்திருந்தது. அதை வீட்டுக்கு வந்து தேடிப் பிடித்து வெட்டி எடுத்தேன். அவ்வளவு கவனம் எங்களுக்கு. அங்கே நின்ற மூன்று பேரில் ஒருவர் காதுக்கும் எதுவும் உறுத்தவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வண்டி என் வாசலில் நின்றது. அந்தக் காலத்து சிடி டிரைவ்களின் முகப்பில் ஹெட்போனுக்கு ஒரு துளையும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குட்டிச் சக்கரமும், பாட வைக்க ஒரு பொத்தானும் இருக்கும். கம்ப்யூட்டரே வேண்டாம், மின்சாரம் மட்டும் கொடுத்தால் பாட்டு சிடியைத் தானாகவே பாடும். மஞ்சள் வயருக்குப் பன்னிரண்டு வோல்ட், சிவப்பு வயருக்கு ஐந்து. பன்னிரண்டை வண்டியின் பேட்டரியே தரும். ஐந்துக்கு ஒரு சின்ன ரெகுலேட்டரைப் போட்டேன். அது தொட முடியாமல் சுட்டது. புராசசரின் தலையில் உட்கார்ந்திருக்கும் அலுமினியச் சீப்பு ஒன்றை எடுத்து அதோடு முடுக்கி, மேலே அதன் விசிறியையும் வைத்ததும் அடங்கியது. கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குள் இருந்த ஆம்ப்ளிபையர் போர்டைப் பெயர்த்தேன். எல்லாவற்றையும் ஒரு கேபினட்டை அறுத்துச் செய்த தகரப் பெட்டிக்குள் அடக்கினேன். மைக் செட் வைத்திருந்த நண்பன் ஒருவன், நசுங்கிப் போன ஒரு கூம்பு ஸ்பீக்கரைக் கொடுத்தான். அதை வண்டியின் கூரையில் கட்டினோம்.

பாடியது, ஆனால் கூடவே ஒரு ஊளையும் வந்தது. மாமா ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அந்த ஊளை உச்சத்துக்கு ஏறும், காலை எடுத்தால் இறங்கும். டைனமோவின் சத்தம் வயர் வழியாக ஏறி வந்து அக்காவோடு சேர்ந்து கூவிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் செம்புக் கம்பி சுற்றிய ஒரு வளையம் இருக்கும். அதைப் பிரித்து வழியில் போட்டேன். கறுப்பு வயர்களை எல்லாம் ஒரே போல்ட்டில் கொண்டு வந்து முடுக்கினேன். ஊளை போனது. அடுத்த தொல்லை, குழி. மேசை மேல் அசையாமல் இருந்து பழகிய டிரைவ் எங்கள் சாலையைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் "வஞ்... வஞ்... வஞ்..." என்று திக்கியது. கடைசியில் சைக்கிள் டியூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, டிரைவைத் தூளியில் போட்டது போலத் தொங்க விட்டேன். அதன் பிறகு எந்தப் பள்ளத்திலும் அக்கா திக்கவில்லை. ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. நான் தரையில் நடக்கவில்லை.

அக்கா திரும்பி வந்தாள். கழலை போயிருந்தது. டாக்டர் சொன்னது போலவே குரலும் போயிருந்தது. பக்கத்தில் காதை வைத்தால் மட்டும் கேட்கும் ஒரு காற்று மிஞ்சியிருந்தது. காயம் ஆறும்வரை காத்திருந்து, ஒரு காலையில் மறுபடி கிளம்பினார்கள். நானும் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஏறிக்கொண்டேன். என் வேலையை நான் பார்க்க வேண்டாமா? பாகூருக்குள் நுழைந்ததும் பொத்தானை அழுத்தினேன். கூரையிலிருந்து அக்கா கூவினாள். உள்ளே உட்கார்ந்திருந்த அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்.

கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் ஒருவர், அக்காவின் வெகுநாள் வாடிக்கை. அன்று அவர் வீட்டுக்குப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே, மணப்பட்டு அக்கா வஞ்சிரம் கொண்டு வந்துவிட்டாள், மசாலாவை அரைத்து வையுங்கள் என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வண்டி கடை வாசலில் நின்றது. பெரிய தட்டோடு இறங்கி வந்து, "வஞ்சிரம் முழுசா ஒண்ணு எடும்மா, நல்லதா" என்றார். மாமா பெட்டியைத் திறந்தார். காரப்பொடியும் நெத்திலியும் இருந்தன. அன்றைக்குக் கடலில் கிடைத்தது அவ்வளவுதான். கூரை மேல் அக்காவின் குரல் சளைக்காமல் கூவிக்கொண்டே இருந்தது: வஞ்சிரம், சங்கரா, நண்டு.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அதற்குள் இன்னும் சில பெண்கள் தட்டோடு வந்துவிட்டார்கள். "வஞ்சிரம்னு கூவுது, எங்க?" என்று கேட்டார்கள். நான் பாய்ந்து போய்ப் பொத்தானை அழுத்தினேன். பதற்றத்தில் வேறு பொத்தானை அழுத்தியதில் மறுபடி முதலிலிருந்து கூவ ஆரம்பித்தது. பாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்காவைப் பார்த்து, "நீயாம்மா இப்பிடி?" என்று மட்டும் கேட்டார். அக்கா வாயைத் திறந்தாள். பதிவு, பழைய நாள், ஆஸ்பத்திரி, எதையும் அவளால் சொல்ல முடியவில்லை. காற்றுதான் வந்தது. நானும் மாமாவும் விளக்கினோம். அவர் புரிந்துகொண்டு, "பரவால்ல, பரவால்ல" என்று வெறும் தட்டோடு திரும்பினார். அக்கா எட்டி, டிரைவின் பின்னால் இருந்த வயரைப் பிடுங்கிவிட்டாள்.

மறுநாள் அவள் வண்டியில் ஏறவில்லை. அதற்கு மறுநாளும் ஏறவில்லை. நான் சும்மா இருக்கவில்லை. மீன் பெயர்களை வெட்டிவிட்டு வெறும் "மீனு வந்துருக்குதும்மோய்" மட்டும் வைத்து ஒரு சிடி செய்து கொண்டுபோனேன். அக்கா என் காதைப் பக்கத்தில் கொண்டுவரச் சைகை காட்டி, "இன்னா மீனுன்னு சொல்லாத வண்டிக்கு எவடா அடுப்ப வுட்டு எழுந்து வருவா?" என்றாள். வஞ்சிரம் நாளுக்குப் பிறகு பெயரே சொல்லாமல் போனால், எதையோ மறைக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள் என்றாள். சரி என்று, பதிந்து வைத்த சொற்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி நெத்திலி என்று சொல்ல வைக்க முடியுமா என்று பார்த்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து நான் செய்ததைக் கேட்டு என் மகன் பயந்து அழுதான். அவளிடம் அதைக் காட்டவே இல்லை.

எல்லோரும் அவளைத் தேற்றினார்கள். ஒரு நாள் தவறிவிட்டது, இதற்கா இவ்வளவு என்றார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசிக்க யோசிக்கத்தான் புரிந்தது. குரல் போனதை அவள் தாங்கிக்கொண்டுவிட்டாள். குரல் அவளை விட்டுத் தனியாகக் கிளம்பிப் போய், அவள் பெயரில் பொய் சொல்லிவிட்டு வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் தெருத்தெருவாய்ச் சேர்த்தது கடைத்தெருவில் ஒரு காலையில் போய்விட்டது என்று நினைத்தாள். இனி வண்டியை விற்றுவிடலாம் என்று மாமாவிடம் சைகையில் சொல்லியும்விட்டாள்.

மாமா அடுத்த நாள் வழக்கம் போலக் கரைக்குப் போய் மீனை ஏலம் எடுத்து ஏற்றிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். முன்னறைக் குவியலைக் கொஞ்ச நேரம் கிளறினார். சென்டரில் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட் ஒன்றை, வாய்க்கு முன்னால் மைக் நீட்டிக்கொண்டிருப்பதை, கையில் எடுத்தார். "இதுல பேசினா மேல கேக்குமா?" என்றார்.

"கேக்கும் மாமா" என்றேன், நம்ப முடியாமல். எங்கள் ஊரில் ஆண்கள் மீன் பிடிப்பார்கள், பெண்கள் மீன் கூவுவார்கள். ஆம்பிளை தெருவில் கூவினால் கரையில் அவன் தலையை நிமிர்த்த முடியாது. அவ்வளவு கேலி செய்வார்கள். அதிலும் இவர், கல்யாண வீட்டில் பந்தியில் சாம்பார் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்த ஆள். ஒரு சின்ன போர்டைப் போட்டு மைக்கை ஆம்ப்ளிபையரோடு இணைத்துக் கொடுத்தேன். அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, வண்டியை அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பின்னால் திரும்பிப் பெட்டியை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"காரப்பொடி. நெத்திலி." என்று கூரை சொன்னது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவ்ளோதான்" என்றது.

கோர்ட்டில் பெயர் கூப்பிடுவது போல இருந்தது. தெருவில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். மாமா காதெல்லாம் சிவந்து, நேரே பார்த்தபடி, மறுபடி அதையே சொன்னார். "காரப்பொடி. நெத்திலி. அவ்ளோதான்." அக்கா வெளியே வந்தாள். அவரையும் அந்த ஹெட்செட்டையும் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தமில்லாத சிரிப்பு, தையல் தழும்புள்ள கழுத்தைப் பிடித்துக்கொண்டு, தூணில் சாய்ந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்து, தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

முதலில் போனது பாகூர் கடைத்தெருவுக்குத்தான். அக்காதான் அங்கே விடச் சொன்னாள். பாய் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு நெத்திலி வாங்கிக்கொண்டார். சில மாதங்களில் செலியமேட்டில் பெண்கள், "அவ்ளோதான் வண்டி வந்துடுச்சி" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு மீன் தீர்ந்ததும் அக்கா மாமாவின் தொடையில் தட்டுவாள். அடுத்த தெருவில் அந்தப் பெயர் இருக்காது. கரையில் கேலி செய்தவர்களும் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். வஞ்சிரமும் சங்கராவும் நண்டும் ஒரே நாளில் சேர்ந்து வருவது அபூர்வம். அப்படி வந்த நாட்களில் மட்டும், அக்கா பெட்டியைத் தானே சரிபார்த்துவிட்டு, சிடியைப் போட்டுப் பொத்தானை அழுத்துவாள். மாமா அன்றைக்கு ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டுவார்.

பிறகு டிரைவின் லென்ஸ் மங்கிவிட்டது. சைக்கிள் டியூபும் இற்றுப்போனது. என்னிடம் மாற்று டிரைவ்கள் இருந்தன, மாட்டித் தருகிறேன் என்றேன். அக்கா வேண்டாம் என்று கையசைத்துவிட்டாள். ஆம்ப்ளிபையரும் வளையமும் விசிறியும் இன்றைக்கும் ஓடுகின்றன. இப்போது காய்கறி வண்டி, பழைய இரும்பு வண்டி, உப்பு வண்டி எல்லாமே பதிவு செய்த குரலில்தான் கூவுகின்றன. சைக்கிளில் கோலப்பொடி விற்பவர் கூட ஒன்று வைத்திருக்கிறார். நேரடியாக வாயால் கூவும் வண்டி எங்கள் சுற்றுவட்டாரத்தில் மாமாவுடையது ஒன்றுதான். காலம் அவரைத் தாண்டிப் போய்விட்டதா, அவர்தான் ஒதுங்கி வழிவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் அக்காவின் மகள் விடுமுறையில் வந்திருந்தாள். வெளியூரில் ஏதோ கம்பெனியில் வேலை. என்னிடம் பழைய பதிவு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒருவர் குரலைக் கொஞ்சம் கேட்டாலே கற்றுக்கொண்டு, நாம் எழுதியதை எல்லாம் அதே குரலில் பேசும் வித்தை கைப்பேசியிலேயே வந்துவிட்டதாம். மறுநாள் காலை, மீன் ஏற்றிக்கொண்டிருக்கும்போது, கைப்பேசியிலிருந்து ஒரு வயரை எடுத்து என் பழைய ஆம்ப்ளிபையரில் சொருகினாள். நானும் அங்கே நின்றிருந்தேன்.

"நெத்திலி மீனும்மோய்..." என்றது கூரை.

அக்காவின் குரல்தான். நான் இரண்டு நாள் வெட்டி ஒட்டிச் செய்ய முடியாமல் போனதை அது அலட்டிக்கொள்ளாமல் செய்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. மகள் ஆசையோடு அம்மாவைப் பார்த்தாள். "இனிமே எந்த மீனு வந்தாலும் நீயே கூவலாம்மா. எழுதி மட்டும் குடுத்தா போதும்." அக்கா வெகுநேரம் அந்தக் கூம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை இல்லை என்று ஆட்டினாள். நான் காதைக் கொண்டுபோனேன். "இது நான் கூவவே இல்லியேடா" என்றாள். மகளின் முகம் வாடிவிட்டது. வயரைப் பிடுங்கப் போனாள்.

அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஏதோ நினைத்துக்கொண்டவள் போல மகளை இழுத்து, காதில் நீளமாக என்னவோ சொன்னாள். மகள் சிரித்துக்கொண்டே கைப்பேசியில் தட்டினாள். மாமா தெருவுக்கு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நின்று, வலைக்காரர் ஒருவர் சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யோவ்! அங்க நின்னுகினு இன்னா கத கேட்டுகினு கீற? மீனு நாறிப் போவுது, வண்டிய எடுய்யா!"

தெருவே அதிர்ந்தது. மாமா துள்ளிவிட்டார். "தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன்" என்று செருப்பில் பாதி மாட்டியும் மாட்டாமலும் ஓடி வந்து, கதவைத் திறந்து ஏறி, சாவியைத் திருகினார். வண்டி உறுமியது. கியரில் கை வைத்த பிறகுதான் அவர் கை நின்றது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே அக்கா, வாயை மூடிக்கொண்டு, இடுப்பில் இரண்டு கையையும் வைத்து நின்றிருந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், அவள் சிரிக்கவில்லை. இந்த முறை சொன்னது அவள்தான், அப்படித்தான் அவரைப் பார்த்தாள்.

மாமா வண்டியை அணைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் அக்காவைப் பார்க்காமல், மகளிடமும் என்னிடமும் இல்லாமல், பொதுவாகச் சொன்னார்.

"இன்னொரு வாட்டி திட்டச் சொல்லு."